கையில் பட்டை, மூளையில் ரத்தம்

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டைக்குக் கடலூர் மாவட்டம் கீரப்பாளையம் ஒன்றியத்துக் கிராமங்களில் இப்போது பஞ்சமில்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியதிலிருந்து தமிழ்நாடு முழுவதும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டு வீடு தேடி வருகிறார்கள். பி.பி. பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896-இல் அறிமுகப்படுத்திய கருவியின் வாரிசு இது. ஒரு நூற்றாண்டுக் காலம் அதற்கு அளப்பது ஒன்றுதான் வேலையாக இருந்தது. பிறகு ஆய்வாளர்கள் அதற்கு இன்னொரு வேலை கொடுத்துப் பார்த்தார்கள்: சிகிச்சை.

செய்முறை மிக எளியது. மேல்கையில் பட்டையைச் சுற்றி, நாடித்துடிப்பு நிற்குமளவு, வழக்கமாக 200 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு, காற்றடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் கைக்கு ரத்தம் போகாது. பிறகு காற்றை இறக்கி ஐந்து நிமிடம் விட வேண்டும். இப்படி நான்கைந்து சுற்று. கை ரத்தத்துக்கு ஏங்கும்போது உடலில் கிளம்பும் ஏதோ ஒரு தற்காப்பு, தொலைவிலிருக்கும் இதயத்தையும் மூளையையும் காக்கும் என்பது கருத்து. ரிமோட் இஸ்கீமிக் கண்டிஷனிங் என்று இதற்குப் பெயர். இங்கே பட்டைப் பயிற்சி என்றே சொல்லிவிடலாம். கழுத்திலோ மண்டைக்குள்ளோ தமனி சுருங்கிப்போனவருக்கு இது உதவுமா என்பதுதான் கேள்வி. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலில் இதற்கு விளைவு உண்டு. ஆனால் பக்கவாதத்தைத் தடுக்கும் சிகிச்சையாக இது இன்னும் நிரூபணமாகவில்லை. நிரூபணமாகாததற்கு ஒரு காரணம், சோதனைகள் சரியான ஆட்களைத் தேடிப் பிடிக்காதது.

பயிற்சிக்கு முன்னால் மூளையின் ரத்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. உடல் எடையில் மூளை இரண்டு சதவீதம்தான். உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சேமிப்பு என்று எதுவும் கிடையாது. நூறு கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். அது 20-க்குக் கீழே போனால் நரம்பணுக்கள் வேலை நிறுத்தம் செய்கின்றன. 10-க்குக் கீழே போனால் சாகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் செயலற்று, ஆனால் உயிரோடு இருக்கும் திசுவைக் காப்பாற்றத்தான் பக்கவாத சிகிச்சையில் இத்தனை ஓட்டம்.

படுத்திருப்பவர் சட்டென்று எழுந்தால் அழுத்தம் குறைகிறது, கோபப்பட்டால் ஏறுகிறது. இதற்கெல்லாம் மூளையின் ரத்த ஓட்டம் கூடிக் குறைந்தால் நம்மால் ஒரு நாள் கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அழுத்தம் ஏறும்போது சிறு தமனிகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன, இறங்கும்போது விரிந்துகொடுக்கின்றன. குழாய்ச் சுவரின் தசைக்கு இந்தக் குணம் இருப்பதை ஆங்கிலேய உடலியலாளர் பெய்லிஸ் 1902-இல் காட்டினார். 1959-இல் டென்மார்க்கின் நீல்ஸ் லாசன், சராசரித் தமனி அழுத்தம் சுமார் 60-லிருந்து 150 வரை எங்கிருந்தாலும் மூளையின் ஓட்டம் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது என்று தொகுத்துச் சொன்னார். பாடநூல்களில் இன்றும் வரும் அந்தச் சமதளக் கோட்டை இதுதான் தந்தது. கோடு அவ்வளவு தட்டையும் இல்லை, அவ்வளவு நீளமும் இல்லை என்று பின்னாளைய ஆய்வுகள் திருத்தின. ஆனாலும் மூளைக்கு இப்படியொரு தன்னொழுங்கு உண்டு என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

தமனி நோய் வந்தவரிடம் இந்தத் தன்னொழுங்குதான் முதலில் கடன்படுகிறது. பெரிய குழாய் சுருங்கினால் அதற்கு அப்பாலுள்ள சிறு குழாய்கள் முழுக்க விரிந்து ஓட்டத்தைச் சமாளிக்கின்றன. ஆளைப் பார்த்தால் நோயே தெரியாது. ஆனால் இனி விரிய இடமில்லை, கையிருப்பு தீர்ந்துவிட்டது. அடுத்த கட்டத்தில் வருகிற ரத்தத்திலிருந்து மூளை அதிக ஆக்சிஜனை உறிஞ்சிப் பிழைக்கிறது. அதற்கும் எல்லை வந்தபின் அழுத்தம் கொஞ்சம் சரிந்தாலே போதும். கீரப்பாளையம் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. வீராணம் ஏரியில் தண்ணீர் குறைந்தால் மதகடி வயல் பச்சையாகவே நிற்கும்; கடைமடைதான் முதலில் வெடிக்கும். மூளையிலும் இரண்டு பெரிய தமனிகளின் பாசனம் முடிந்து சந்திக்கிற எல்லைப் பகுதிகள் உண்டு. கழுத்துத் தமனி அடைத்தவர்களுக்கு ஸ்கேனில் பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான் புள்ளி புள்ளியாகச் சேதம் தெரியும்.

பல ஆண்டுகள் பி.பி. உள்ளவரின் தன்னொழுங்கு எல்லைகள் மேலே நகர்ந்துவிடுகின்றன என்பது 1970-களிலேயே தெரிந்துவிட்டது. அவருடைய மூளைக்கு, நமக்குச் சாதாரணமான அழுத்தமே குறைவாகப்படலாம். பி.பி. 200-ஐத் தொட்டதும் பதறி நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் கொடுத்து மளமளவென்று இறக்குகிற வழக்கம் நம்மூரில் நெடுங்காலம் இருந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை. அது பக்கவாதத்தையும் மாரடைப்பையும் வரவழைக்கக்கூடும் என்று 1996-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் எச்சரித்தது. நீண்ட காலத்தில் அழுத்தத்தைக் குறைத்தே ஆகவேண்டும், அதில் சந்தேகமில்லை. ஒரே மணி நேரத்தில் குறைப்பதுதான் ஆபத்து.

இந்தியர்களுக்கு இந்தத் தமனிச் சுருக்கப் பிரச்சினையில் ஒரு தனிப் பங்கு உண்டு. மேற்கத்திய நாடுகளில் பக்கவாதத்துக்குக் காரணமான கொழுப்படைப்பு பெரும்பாலும் கழுத்துத் தமனியில் இருக்கிறது. நம்மிடமும் சீனர்களிடமும் மண்டைக்குள்ளிருக்கும் தமனிகளில் அதிகம் காணப்படுகிறது. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுபாஷ் கௌல் குழுவினர் பராமரித்த பக்கவாதப் பதிவேடு இதைத் தெளிவாகக் காட்டியது. கழுத்தில் என்றால் வெட்டிச் சுத்தம் செய்யலாம், ஸ்டென்ட் வைக்கலாம். மண்டைக்குள் அது எளிதல்ல. 2011-இல் வெளிவந்த சாம்ப்ரிஸ் சோதனையில், மண்டைக்குள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு முப்பதே நாளில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அது 5.8 சதவீதம். நல்ல குழாய் ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து இணைக்கும் பைபாஸ் அறுவையும் 1985-லும் 2011-லும் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில் தோற்றது. ஆகவே ஆஸ்பிரின், ஸ்டாட்டின், பி.பி. மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையை விடுவது என்பதற்கு மேல் மருத்துவரிடம் கொடுக்க அதிகமில்லை. கையில் ஒரு பட்டை கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் காது ஏன் நிமிர்கிறது என்பது இப்போது புரியும்.

பட்டைப் பயிற்சி இதயத்திலிருந்து வந்தது. 1986-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மர்ரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் ஆகியோர் நாய்களின் இதயத் தமனியை நான்கு முறை ஐந்தைந்து நிமிடம் அடைத்துத் திறந்துவிட்டு, பிறகு நாற்பது நிமிடம் முழுதாக அடைத்தார்கள். கூடுதல் சேதம் ஆகும் என்றுதானே எவரும் நினைப்போம்? செத்த தசையின் அளவு கால் பங்காகக் குறைந்திருந்தது. 1993-இல் ப்ரிசிக்லெங்க் குழு ஒரு தமனியை இப்படிப் பழக்கினால் பக்கத்துத் தமனியின் பகுதிக்கும் காப்பு கிடைப்பதைக் கண்டது. 2002-இல் கர்பந்தா குழு மனிதர்களின் கையிலும் பன்றிகளின் காலிலும் ரத்தத்தைத் தடுத்துப் பார்த்து, இதயத்தைத் தொடாமலேயே காப்பு வரும் என்று காட்டியது. அப்போதிருந்துதான் பட்டை மேடைக்கு வந்தது.

சேதி கையிலிருந்து எப்படிப் போகிறது? நரம்பு வழியாகவும் ரத்தம் வழியாகவும் என்பதே இப்போதைய விடை. நரம்பை வெட்டினால் விலங்குகளில் விளைவு குறைகிறது. பயிற்சி கொடுத்த ஒரு விலங்கின் ரத்தத்திலிருந்து சிறு மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்து இன்னொன்றின் இதயத்தில் செலுத்தினால் அதற்கும் காப்பு கிடைக்கிறது. நைட்ரிக் ஆக்சைடும் அதன் சேமிப்பு வடிவமான நைட்ரைட்டும் இதில் பங்கு கொள்கின்றன. அவை குழாயை விரிக்கிறவை என்பதால் மூளைக்காரர்களின் ஆர்வம் கூடியது. காப்பு இரண்டு அலையாக வருகிறது: முதல் இரண்டு மூன்று மணி நேரம் ஒன்று, ஒரு நாள் கழித்து இன்னொன்று. ஆளுக்கு ஆள் விளைவு மாறுவதற்கும் காரணங்கள் உண்டு. சர்க்கரை நோய் இதை மங்கச் செய்கிறது. முதுமையும் அப்படித்தான். அறுவை அறையில் கொடுக்கும் புரோபோஃபால் மயக்க மருந்தும் மங்கச் செய்கிறது என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது.

இதயத்தில் கதை சோகமாகவே முடிந்தது. 2010-இல் டென்மார்க்கில் ஆம்புலன்ஸிலேயே பட்டை கட்டிய மாரடைப்பு நோயாளிகளிடம் காப்பாற்றப்பட்ட தசையின் பங்கு கூடியிருந்தது. ஐந்து ஆண்டு கழித்து இதய அறுவை நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகளிலும் பலனில்லை. 2019-இல் 5401 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்ட காண்டி-2 சோதனையிலும் பலனில்லை. இறப்பும் இதயச் செயலிழப்பும் பட்டை கட்டியவர்களில் 9.4 சதவீதம், கட்டாதவர்களில் 8.6. இத்தனை பேரைச் சேர்த்த பிறகும் வித்தியாசம் தென்படவில்லையென்றால் இன்றைய மாரடைப்பு சிகிச்சைக்கு மேல் இது ஒன்றும் சேர்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூளையில் அப்படி ஒரே வரியில் முடிக்க முடியாது. பெய்ஜிங்கின் சுவான்வூ மருத்துவமனையில் ஜி சுன்மிங் குழு 2012-இல் வெளியிட்ட சிறு ஆய்வுதான் தொடக்கம். மண்டைக்குள் தமனி சுருங்கியிருந்த 68 பேர். ஏறத்தாழ பாதிப்பேர் இரண்டு கையிலும் தினமும் இருவேளை, 300 நாள் பட்டை கட்டினார்கள். மறுபடி பக்கவாதம் வந்தது அவர்களில் 7.9 சதவீதத்தினருக்கு, மற்றவர்களில் 26.7 சதவீதத்தினருக்கு. எண்ணிக்கை சிறியது, ஆனால் இடைவெளி கண்ணைப் பறிக்கிறது. 2017-இல் கழுத்துத் தமனியில் ஸ்டென்ட் வைக்கப்போகும் 189 பேரிடம், இரண்டு வாரம் முன்பாகவே பயிற்சி தொடங்கினார்கள். ஸ்டென்டுக்குப் பிறகு எம்.ஆர்.ஐ.யில் புதுச் சேதம் தெரிந்தது பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்கு. பட்டையில் காற்றைக் குறைத்துப் பொய்ப் பயிற்சி செய்தவர்களில் 37, எதுவும் செய்யாதவர்களில் 41. என் பார்வையில் இந்தத் துறையின் மிகச் சுத்தமான சான்று இதுதான். அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரியும், யாருக்குக் குழாய் சுருங்கியிருக்கிறது என்பதும் தெரியும்.

பிறகு வந்தது ரிக்கா சோதனை. சீனாவில் 84 மையங்கள், மண்டைத் தமனி சுருங்கிப் பக்கவாதம் கண்ட 3033 பேர், தினமும் ஒருவேளை, ஒரு வருடம். 2022-இல் முடிவு வெளியானது: பட்டைக் குழுவில் சுமார் 17 சதவீதத்தினருக்கு மறுபடி பக்கவாதம், பொய்ப்பட்டைக் குழுவில் சுமார் 19. வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம் என்ற வரம்புக்குள்ளேயே நின்றுவிட்டது. பலர் ஒழுங்காகச் செய்யவில்லை என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். இதில் வியப்பில்லை. 200 மி.மீ. அழுத்தத்தில் ஐந்து நிமிடம் கை மரத்து வலிக்கும். ஐந்து சுற்று என்றால் முக்கால் மணி நேரம் போய்விடும். நடவு நேரத்தில் தினமும் அவ்வளவு நேரம் ஒரு கையைச் சும்மா வைத்திருக்கச் சொன்னால் யார் செய்வார்கள்?

அதே ஆண்டு ரிக்காமிஸ் என்ற சோதனை நம்பிக்கையை மீட்டது. மிதமான பக்கவாதம் கண்டு 48 மணி நேரத்துக்குள் வந்த சுமார் 1800 பேரிடம் இருவேளை, இரண்டு வாரம் வரை. மூன்று மாதம் கழித்துக் குறையின்றி அல்லது குறை தெரியாமல் நடமாடியவர்கள் 67.4 சதவீதம், மற்றக் குழுவில் 62. இங்கே ஒரு பெரிய ஓட்டை: பொய்ப்பட்டை கிடையாது, யாருக்குப் பயிற்சி என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். மறு வருடம் டென்மார்க்கின் ரெசிஸ்ட் சோதனை பொய்ப்பட்டையோடு, நான்கு மணி நேரத்துக்குள், ஆம்புலன்ஸிலேயே தொடங்கியது. 1500 பேரைச் சேர்த்தும் பலனில்லை. ஆம்புலன்ஸில் ஸ்கேன் கிடையாதல்லவா; ரத்தக் கசிவு உள்ளவர், அடைப்பு உள்ளவர், பக்கவாதமே இல்லாதவர் எல்லோரும் கலந்திருந்தார்கள்.

இந்த முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது ஒன்றுதான். இத்தனை பேரைச் சேர்த்தபோதும் தன்னொழுங்கின் நிலையைப் பார்த்து யாரும் ஆள் எடுக்கவில்லை. சுருக்கம் எத்தனை சதவீதம் என்று பார்த்தார்கள், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று பார்த்தார்கள். ஒரே அளவு சுருங்கிய குழாய் உள்ள இருவரில் ஒருவருக்குப் பக்கக் கிளைகள் நிறைந்து கையிருப்பு தாராளமாக இருக்கும். மற்றவர் விளிம்பில் நிற்பார். முன்னவருக்குப் பட்டை தேவையில்லை. கையிருப்பு முழுக்கத் தீர்ந்தவரின் குழாய் இனி எதற்கும் பதில் சொல்லாது. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் இது உதவக்கூடும். மூவரையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால் விளைவு கரைந்துதான் போகும்.

இப்படி ஆள் பிரிக்கக் கருவி இல்லாமலும் இல்லை. ரூனே ஆஸ்லித் 1982-இல் நெற்றிப்பொட்டில் அல்ட்ராசவுண்ட் வைத்து மூளைத் தமனியின் ஓட்ட வேகத்தை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1989-இல் அவரே தன்னொழுங்கைச் சோதிக்கவும் ஒரு வழி சொன்னார். இரண்டு தொடையிலும் பெரிய பட்டை கட்டி, சில நிமிடம் இறுக்கி, சட்டென்று விடுவிப்பது. ரத்தம் காலுக்குப் பாயும், உடல் அழுத்தம் திடீரென்று சரியும், மூளையின் ஓட்டமும் கூடவே சரியும். ஆரோக்கியமானவருக்கு அழுத்தம் மீளும் முன்பே சில நொடிகளில் ஓட்டம் மீண்டுவிடும். தன்னொழுங்கு கெட்டவருக்கு இரண்டும் சேர்ந்தே மெல்ல ஏறும். பட்டை சிகிச்சையாவதற்கு வெகுகாலம் முன்பே மூளையைச் சோதிக்கும் கருவியாகிவிட்டது.

இந்த இரண்டு வேலைகளும் 2019-இல் சந்தித்தன. சீனாவின் சாங்சுன் நகரில் ஜீலின் பல்கலைக்கழகக் குழு ஐம்பது ஆரோக்கியமானவர்களுக்குப் பட்டைப் பயிற்சி கொடுத்து, பல நேரங்களில் தன்னொழுங்கை அளந்தது. உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஆறு மணி நேரம் கழித்து மேம்பட்டது, ஒரு நாள் வரை நின்றது. சின்ன ஆய்வுதான், நோயாளிகள் இல்லை. ஆனாலும் பயிற்சி மூளையின் ஓட்டத்தைக் கூட்டுகிறதா என்ற பழைய கேள்வியைவிட, ஓட்டத்தை நிலைநிறுத்தும் திறனைக் கூட்டுகிறதா என்ற கேள்வி சரியானது என்று அது காட்டிவிட்டது.

பட்டை எப்போதும் கொடுக்கும் என்று நினைத்துவிடவும் கூடாது. அது எடுக்கவும் செய்யும். தோள்பட்டைக்கடியில் கைக்குப் போகும் தமனி சுருங்கியவர்களுக்கு, கை வேலை செய்யும்போது மூளையின் பின்பக்கத் தமனியிலிருந்து ரத்தம் திரும்பிக் கைக்கு வந்துவிடும். தலை சுற்றும், கண் இருளும். இதை அல்ட்ராசவுண்டில் பிடிப்பதற்கு மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கையில் பட்டை கட்டி இறுக்கிவிட்டுச் சட்டென்று விடுகிறார்கள். ஏங்கிய கை ரத்தத்தைக் குடிக்கும். பின்தமனியின் ஓட்டம் தலைகீழாவது திரையில் தெரியும். பட்டைப் பயிற்சியின் ஒவ்வொரு சுற்றும் செய்வது அச்சு அசலாக இதையேதான். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் தகயாசு விவரித்த தமனி அழற்சி இந்தியாவில் இளம்பெண்களிடம் வருகிறது. கையில் நாடியே கிடைக்காது. அவர்களுக்குக் கைப்பட்டை எந்த வகையிலும் பொருந்தாது. இரு கையிலும் பி.பி. பார்ப்பது என்ற எளிய பழக்கம் இருந்தாலே இவர்களில் பலர் தெரிந்துவிடுவார்கள். நம் புறநோயாளிப் பிரிவுகளின் கூட்டத்தில் இன்னொரு கைக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்குத் தேவைப்படுவது ஒரு நிமிடம்தான். சிறுநீரக டயாலிசிஸுக்குக் குழாய் இணைத்த கை, ரத்தக்கட்டி உள்ள கால், பீடியால் தமனி அடைத்த கால் இவற்றிலும் பட்டையை இறுக்கக் கூடாது.

வீட்டில் பி.பி. மெஷின் வைத்திருப்பவர்கள் தாமே செய்து பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். இந்தியாவில் இது வழக்கமான சிகிச்சை அல்ல. அதைவிட முக்கியமாக, வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறுகிற நேரத்தில் இதைச் செய்துகொண்டு உட்காரக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்குள் 108-ஐ அழைத்து, ஸ்கேன் இருக்கும் இடத்துக்குப் போய், ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். கீரப்பாளையத்துக்காரருக்கு அண்ணாமலை நகரில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக 1985-இல் தொடங்கி, இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாகியிருப்பது அதுதான். இன்னும் மேலே என்றால் புதுச்சேரி ஜிப்மர்.

அந்த மாதிரி ஒரு மருத்துவமனையில்தான் அடுத்த சோதனையும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்தியாவில் பக்கவாதச் சோதனைகளுக்கென்று ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் இன்ஸ்ட்ரக்ட் என்ற வலையமைப்பு இருக்கிறது. அதன் ஸ்பிரிண்ட் இந்தியா ஆய்வு 31 மையங்களில் 4298 பேரைச் சேர்த்தது. ஆள் சேர்ப்பது நமக்குப் பிரச்சினை இல்லை. எப்படிப்பட்டவரைச் சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமம். மண்டைத் தமனி சுருங்கிச் சிறு பக்கவாதம் கண்டவர்களை எடுத்து, நெற்றிப்பொட்டு அல்ட்ராசவுண்டை வைத்துவிட்டு அரை நிமிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்லலாம். ரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது ஓட்ட வேகம் எவ்வளவு கூடுகிறது என்பதே கையிருப்பின் அளவு. பத்தில் ஒருவருக்காவது நெற்றிப்பொட்டு எலும்பு ஒலியை விடாது, வயதான பெண்களிடம் இன்னும் அதிகம். அவர்களுக்கு வேறு ஸ்கேன் வேண்டும். கையிருப்பு குறைந்து, ஆனால் தீராமல் இருப்பவர்களை மட்டும் பிரித்து, பாதிப்பேருக்குப் பட்டையும் பாதிப்பேருக்குக் காற்று குறைந்த பட்டையும் கொடுத்து, முதல் மூன்று மாதம் மட்டும் செய்யச் சொல்லலாம். மறுபக்கவாதம் அதிகம் வருவது அந்த மாதங்களில்தான். ஒரு வருடம் யாரும் தொடரமாட்டார்கள் என்பதையும் ரிக்கா சொல்லிவிட்டது.

சர்க்கரை நோயாளிகளை விலக்கிவிட்டால் முடிவு அழகாக வரும். ஆனால் 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் கணக்குப்படி இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரையும் 35.5 சதவீதத்தினருக்கு பி.பி.யும் இருக்கின்றன. பக்கவாத வார்டில் இந்த விகிதம் எவ்வளவு ஏறும் என்பதை அங்கே ஒரு சுற்று வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டைப் பயிற்சி சர்க்கரை உள்ள உடலில் மங்குகிறது என்றால், எவ்வளவு மங்குகிறது, சுற்றுகளைக் கூட்டினால் திரும்புகிறதா என்பதைத்தான் நம் சோதனை முதலில் கேட்க வேண்டும்.